பச்சை நிறத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்: மலை வரைபடம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதிக்கான நிலச்சரிவு ஆபத்து வரைபடத்தையும் அதன் தரவுத்தளத்தையும் தயாரிக்கும் அலுவலர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் ஆய்வுக் குழுவினருக்கும்,

பொதுமக்கள் பார்வைக்கு நீங்கள் வைத்திருக்கும் வரைவு வரைபடத்தைத் தாள் தாளாகப் பார்த்தோம். தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் ஒரே பச்சை நிறம் அடித்திருக்கிறீர்கள். அந்தப் பச்சைக்குள் ஃபேக்டரிக்கு ஒரு முக்கோணம் உண்டு. மேனேஜர் பங்களாவுக்கு ஒரு சதுரம் உண்டு. காட்டிலாகா செக்போஸ்ட்டுக்கும் ஒரு குறி உண்டு. லயங்களை மட்டும் காணோம். கொழுந்து கிள்ளுகிறவர்களும் மருந்தடிக்கிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வயதானவர்களும் இரவில் தலைசாய்க்கிற இடம் எதுவோ அது மட்டும் வரைபடத்தில் வெறும் பச்சை. எங்கே தங்குமிடம் அமைப்பது, எந்தச் சாலையை முதலில் திறப்பது, யாருக்கு முதலில் எச்சரிக்கை அனுப்புவது என்பதெல்லாம் இந்த வரைபடத்தை வைத்துத்தான் முடிவாகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேபம் சொல்ல 15 நாள் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த மலையில் நில அளவையும் கணினி வரைபடமும் தொழிலாகச் செய்கிறவர்கள் நாங்கள். வரைவு இப்படியே இறுதியாவதை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதைத் தொழில்முறையாகவே சொல்கிறோம்.

லயங்கள் எப்படிக் காணாமல் போயின என்பது வரைவின் பின்குறிப்பிலேயே இருக்கிறது. வீட்டுப் புள்ளிகளை உள்ளாட்சியின் கட்டடப் பதிவேட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். விடுபட்ட இடங்களைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து மென்பொருள் தானாக வரைந்த கூரை எல்லைகளால் நிரப்பியிருக்கிறீர்கள். இரண்டிலும் லயம் சிக்காது. லயம் தோட்டத்தின் சொத்து. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் அங்கே இருப்பவருக்கு அது சொந்தமில்லை, அவர் பெயரில் பதிவும் இல்லை. மேலிருந்து பார்த்தால் அது துருப்பிடித்த ஒரு நீளத் தகரக் கூரை. ஷெட் என்றும் கோடவுன் என்றும் மென்பொருள் அதை வகைப்படுத்திவிடுகிறது. தப்பித் தவறிக் கட்டடம் என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு கூரைக்கு ஒரு வீடு என்றே கணக்கு வைக்கிறது. பத்து வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்தில், வீட்டுக்கு நான்கு பேர் என்றாலும் நாற்பது பேர் இருப்பார்கள். உங்கள் அட்டவணையில் அது ‘கட்டடம் 1’. ஒரு கட்டடத்துக்கு நான்கு பேர் என்று பெருக்கி, ஆபத்தில் உள்ள மக்கள்தொகையை அறிவித்திருக்கிறீர்கள். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் நான்கு பேரை எழுதுவதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது.

அளவுகோலும் சேர்ந்து மறைக்கிறது. 1:50,000 தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 30 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள லயம் அந்தத் தாளில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். பேனா முனை பட்டால் மறைந்துவிடும். மாநிலம் முழுவதையும் ஒரு பார்வையில் பார்க்க அந்த அளவுகோல் போதும். லயத்தில் இருக்கும் குடும்பம் மழை இரவில் வெளியேற வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல அது போதாது. அந்தத் தாளைப் பெரிதாக்கி அச்சிட்டதால் விவரம் கூடிவிடவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் நிலச்சரிவில் மண்ணுக்கு அடியில் போனவை லயங்கள்தான். நான்கு லயங்கள், 70 உயிர்கள். மின்சாரமும் சிக்னலும் இல்லாததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. போகிற வழியில் பெரியவாரை தற்காலிகப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் மீட்பு வண்டிகள் திணறின. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று வயநாட்டில் புத்துமலை சரிந்தது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையும் சூரல்மலையும். எல்லாமே தோட்ட நாடு. இத்தனைக்குப் பிறகும் தோட்டத்தை ‘குடியிருப்பு அல்லாத பகுதி’ என்ற வகையில் போட்டு ஒரு வரைவு வெளியாகிறது என்றால், வகைப்பாட்டு அட்டவணை எங்கோ அடிப்படையில் தவறாக இருக்கிறது.

அடுத்து சரிவுக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வரைவில் ‘குறைந்த ஆபத்து’ என்று இருக்கும் பல இடங்கள் எங்கள் கண்ணுக்கு அப்படிப் படவில்லை.

நீங்கள் பயன்படுத்தியிருப்பது 30 மீட்டர் கட்டம் கொண்ட டிஜிட்டல் உயர மாதிரி. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். அதற்கு ஒரே ஒரு உயரம். ஒரு லயத்தின் பரப்பு ஏறத்தாழ 180 சதுர மீட்டர்தான். அதாவது ஐந்து லயங்களை அடுக்கக்கூடிய இடம் ஒரே எண்ணாகச் சுருங்கியிருக்கிறது. இந்த மலையில் லயம் கட்டியவர்கள் சரிவை வெட்டிச் சமதளமாக்கி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி, அதன்மேல் வாசல் வைத்தார்கள். பின்சுவருக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, செங்குத்தாக ஒரு மண்சுவர் நிற்கும். 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அது சுவர். உங்கள் கட்டத்தில் அது 30 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் ஏற்றம்; கணக்குப் போட்டால் 11 டிகிரி. வரைவின் விளக்கக் குறிப்புப்படி 11 டிகிரி மிதமான சரிவு. அதனால் அங்கே இளம்பச்சை விழுந்திருக்கிறது. மழையில் முதலில் விழப்போகும் மண் எதுவோ அது வரைபடத்தில் சமநிலம் மாதிரி ஆகிவிடுகிறது.

ஓடைகளுக்கும் இதே கதி. உருள்பொட்டல், அதாவது மண்ணும் பாறையும் நீரோடு சேர்ந்து பாயும் சரிவு, பெரும்பாலும் மலை மேலே நீர் வந்து கூடும் குடைவான மடிப்பில் தொடங்கி, ஓடை வழியாகவே இறங்கும். கோடையில் அந்த ஓடை நான்கு மீட்டர் அகலத்தில் கல்லும் புல்லுமாகக் கிடக்கும். தாண்டிப் போகிறவர் கவனிக்கவே மாட்டார். 30 மீட்டர் கட்டத்துக்கு அது தெரியாது. ஆனால் அதன் தலைப்பில் 10 ஹெக்டேர் சரிவு இருந்து, ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் பெய்தால், அந்தச் சரிவில் விழும் தண்ணீர் 2 கோடி லிட்டர். கொஞ்சம் மண்ணுக்குள் போகும், மீதி அந்த நான்கு மீட்டர் வழியைத்தான் தேடி வரும். வழியில் தோட்டச் சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோக ஒரு கலுங்கு இருக்கும். கவாத்து வெட்டிய குச்சிகளும் சில்வர் ஓக் இலையும் அடைத்துக்கொண்டு கலுங்குக் குழாய் பாதி மூடியிருந்தால், தண்ணீர் சாலையில் ஏறி, சாலையே ஓடையாகி, அடுத்த வளைவில் லயத்துக்கு மேலே கொட்டும். மழைக்காலத்தில் லயத்துக்காரர்கள் முதலில் போய்ப் பார்ப்பது இந்தக் கலுங்கைத்தான். உங்கள் தரவுத்தளத்தில் கலுங்குகளுக்கு ஓர் அடுக்கே இல்லை.

இன்னொரு பிழை, இது எளிதில் திருத்தக்கூடியது. பழைய நிலவியல் தாள்களிலிருந்து ஓடைக் கோடுகளை எடுத்துப் புதிய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்திருக்கிறீர்கள். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளத்தை ஆதாரமாகக் கொண்டவை. புதிய படத்துக்கு ஆதாரம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. இந்த ஆதாரத்தைத்தான் டேட்டம் என்கிறோம். டேட்டம் மாற்றம் செய்யாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் இடம் பெயரும். வரைவின் பல தாள்களில் ஓடைக் கோடு சாலை வளைவின்மேல் ஏறி நிற்பதற்கும், பாலம் ஓரிடத்திலும் ஆறு வேறிடத்திலும் இருப்பதற்கும் இதுதான் காரணம். நூறு மீட்டர் என்பது இந்த மலையில் ஓடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள வித்தியாசம். சரிபார்க்க அரை நாள் போதும்: ஒவ்வொரு தாளிலும் பழைய பாலம், கோயில், தேவாலயம் என்று இடம் மாறாத ஐந்து புள்ளிகளை எடுத்து, நேரில் அளந்த ஆயத்தொலைவோடு ஒப்பிடுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது டேட்டம் பிழை. எல்லா அடுக்குகளையும் யூடிஎம் 43 வடக்கு மண்டலம் என்ற ஒரே ஆயத்தொலைவு முறைக்கு முறைப்படி மாற்றிய பிறகே மேற்பொருத்த வேண்டும்.

இனி பெயர்கள். மொழிப் பற்றினால் இதைக் கேட்கிறோம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பற்றும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் இங்கே பெயரும் ஒரு தரவு.

வரைவில் பெயர்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் உள்ளன. ஆங்கில எழுத்திலிருந்து பொறி எழுத்துப்பெயர்த்ததால் மலையாளப் பெயர்களிலும் பிழை இருக்கிறது. மாட்டுப்பட்டி என்ற பெயரில் பட்டி என்பது மாட்டை அடைக்கும் இடம். அது ‘பெட்டி’ ஆகிவிட்டது. மாடும் இல்லை, பட்டியும் இல்லை. ஆனையிறங்கல் என்றால் ஆனை இறங்கும் இடம். ஆனை எங்கே இறங்குகிறது என்பதை அந்தப் பெயரே பதிந்துவைத்திருக்கிறது. நல்லதண்ணி என்ற பெயர் எந்த ஆற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று சொன்னது. பெயரைச் சிதைக்கும்போது முன்னே இங்கே வாழ்ந்தவர்களின் கள ஆய்வும் சேர்ந்து அழிகிறது.

லயங்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படாதவை. கோயில் லயம், ஆஸ்பத்திரி லயம், பழைய ஃபேக்டரி லயம், பத்துமுறி லயம் என்று வாய்வழியாகவே நிற்கின்றன. மழை இரவில் ஒரு பெண் பேரிடர் உதவி எண்ணான 1077-ஐக் கூப்பிட்டு ‘லோயர் டிவிஷன் பத்துமுறி லயத்துக்குப் பின்னால மண்ணு விழுது’ என்று சொன்னால், எதிரில் இருப்பவரின் திரையில் அந்தப் பெயர் கிடைக்க வேண்டும். எத்தனை தோட்டங்களில் லோயர் டிவிஷன் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தோட்டம், அதன் பிரிவான டிவிஷன், லயம் என மூன்று படியாகப் பெயர் பதியாவிட்டால் தேடல் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும்.

முன்பு ஒரு முறை தமிழ்ப் பெயர்களைத் தொகுத்துக் கொடுத்தபோது அவை கோப்பிலேயே நாசமாயின. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம், திரும்ப நடக்கக் கூடாது என்பதற்காக. கோப்பு ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் இருந்தது. பெயரை எழுதும் பத்தியான புலத்தின் அகலம் 20 என்று வைத்திருந்தார்கள். அந்த 20 என்பது எழுத்துக் கணக்கன்று, பைட் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறியீடுகள். 20 பைட்டில் 6 குறியீடுகள்தாம் அடங்கும். ஆனையிறங்கல் ‘ஆனையிற’ என்று வெட்டுப்பட்டு நின்றது. குறியாக்கத்தைச் சொல்லாமல் இன்னொருவர் அதைத் திறந்தபோது அதுவும் கேள்விக்குறிகளாக மாறியது. ‘தமிழ் ஏறவில்லை’ என்று சொல்லி அந்தப் புலத்தையே நீக்கிவிட்டார்கள். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவில் சேமித்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் பல ஆண்டுகளாக அதைத்தான் இயல்பு வடிவாக வைத்திருக்கிறது. ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்றால் புல அகலத்தை 200-க்கு மேல் வைத்து, யூடிஎஃப்-8 என்று குறித்து, திறந்து படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

சரி, லயங்களை எப்படிப் பதிவது? இதற்குப் பெரிய பணமோ வெளியிலிருந்து ஆட்களோ வேண்டாம். 2021 பிப்ரவரி 15 அன்று வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்தியர் யாரும் இடஞ்சார் தரவு சேகரிக்க முன்அனுமதி தேவையில்லை. சாதாரண வேலைக்கு அனுமதி இல்லை என்ற பழைய காரணம் இனிச் செல்லாது. திறந்த தெருப்பட (ஓபன்ஸ்ட்ரீட்மேப்) முறையில் மக்களே வரைபடம் வரைவது கேரளத்துக்குப் புதிதும் அல்ல. மேப்பத்தான் கேரளம் என்று மாநில அரசே அதை நடத்தியிருக்கிறது. மழைமானியில் வயநாடு வழிகாட்டுகிறது: கல்பற்றாவின் ஹியூம் மையம் 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளை உள்ளூர்க்காரர்களைக் கொண்டே படிக்கிறது. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 முதல் மண்ணுக்குள் உணர்விகள் வைத்துப் பார்த்து வருகிறது. செய்யக்கூடிய காரியம்தான்.

நாங்கள் செய்து பார்த்துத் தேறிய முறை இது. முதலில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் செயற்கைக்கோள் படத்தை 1:2,500 அளவில் ஏ3 தாளில் அச்சிட வேண்டும். அந்த அளவில் 30 மீட்டர் லயம் 12 மில்லிமீட்டராக வரும், விரல் வைத்துக் காட்டலாம். லயத்துக்காரர்களை, குறிப்பாகப் பெண்களை, அந்தத் தாளைச் சுற்றி உட்காரவைத்து அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுத வேண்டும். ஒரே லயத்துக்கு இரண்டு பெயர் வரும். இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகுதான் வெளியே இறங்க வேண்டும். மூன்று பேர் போதும்: ஒருவர் கையில் போன், ஒருவர் கையில் தாள், மூன்றாமவர் அந்த டிவிஷன்காரர். களத்தில் பதிவதற்கான க்யூஃபீல்ட் செயலியில் படங்களை முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். மேலே போனால் சிக்னல் இருக்காது.

லயத்தின் நடுவில் ஒரு புள்ளி போட்டால் போதாது. இரு முனைகளின் மூலைகளையும் பதிய வேண்டும். மரத்தடியிலும் மலை மறைக்கும் பள்ளத்திலும் போன் ஜிபிஎஸ் பத்து பதினைந்து மீட்டர் வரை தவறும். வானம் தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்து, துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே வந்த பிறகு பதிந்து, அச்சுப் படத்தில் உள்ள கூரையோடு உடனே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பதிகிற புள்ளிகள்தாம் பிறகு ஓடையின் நடுவில் போய் விழுகின்றன. காலை ஒன்பது மணிக்குள் மூடுபனி இருந்தாலும் ஜிபிஎஸ்ஸுக்குப் பாதிப்பில்லை. போன் திரையும் விரலும் ஈரமாவதுதான் தொல்லை. பிளாஸ்டிக் உறை, கூடுதல் பவர் பேங்க், பென்சில் இவை கட்டாயம். பேனா மை மழையில் ஓடிவிடும்.

பதிய வேண்டியவை அதிகமில்லை. எத்தனை வீடு, எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள், நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், பின்சுவருக்கும் மண்சுவருக்கும் இடைவெளி எத்தனை மீட்டர், மண்சுவர் எவ்வளவு உயரம், அருகில் உள்ள ஓடை எத்தனை அடி தூரம், அதில் மேலே முதல் கலுங்கு எங்கே, அதன் குழாய் விட்டம் என்ன, எவ்வளவு அடைந்திருக்கிறது, இரவில் எந்த வழியாக வெளியேறுவார்கள். பிறகு அறிகுறிகள்: தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த சில்வர் ஓக், திடீரென்று கலங்கிவரும் ஊற்று, மூடத் திணறும் கதவு. ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ஒரு படம். பதிபவர்கள் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் போவது நடக்கும்; ஆகவே பத்து லயத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வேறு குழு திரும்பப் போய் அளக்க வேண்டும். இரண்டு குழுவின் இடைவெளி அளவும் ஒரு மீட்டருக்கு மேல் வேறுபட்டால் அந்த டிவிஷன் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

மழைக் கணக்கு தோட்ட அலுவலகங்களிலேயே இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்கள் காலையில் மழைமானி பார்த்துப் பதிவேட்டில் எழுதுகின்றன. இந்திய வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அதை மிகத் தீவிரமான கனமழை என்று வகைப்படுத்துகிறது. ஆனால் இந்த மலையில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்வதும் அந்தப் பக்கம் பெய்வதும் ஒன்றல்ல. மாவட்டத்துக்கு ஒரு நிறத்தில் வரும் எச்சரிக்கை டிவிஷனுக்குப் பொருந்துவதில்லை. தோட்டப் பதிவேடுகளைப் படமெடுத்து எண்ணாக்கினால், எந்த லயத்துக்கு மேலே எத்தனை நாள் தொடர்மழைக்குப் பிறகு மண் அசைந்தது என்று பார்க்க முடியும். ஒருநாள் மழை மட்டும் போதாது. முந்தைய நாள்களின் மழை சேர்ந்துதான் மண்ணை ஊறவைத்துத் தளர்த்துகிறது. எண்ணாக்கும்போது ஒரு கவனம்: பழைய பதிவேடுகள் அங்குலத்தில் இருக்கும். 4 என்று இருப்பதை மில்லிமீட்டர் என்று ஏற்றினால் நூறு மில்லிமீட்டர் மழை தூறலாகிவிடும்.

தரவு சேகரிப்பு ஆபத்தில்லாத காரியம் என்று நாங்கள் சொல்லவில்லை. லயத்தில் இருப்பவருக்கு இரண்டு பயம். தன் வீடு சிவப்பில் வந்தால் ‘காலி செய்’ என்று சொல்லிவிடுவார்கள், மாற்று வீடு தரமாட்டார்கள் என்பது ஒன்று. ஓய்வுபெற்ற பிறகும் குடியிருப்பது பதிவாகி, அதுவே தனக்கு எதிராகத் திரும்பும் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான பயம். அதனால் பெயர், போன் எண், சாதி, வேலை நிலை எதுவும் பொது அடுக்கில் வரக் கூடாது. நடக்க முடியாதவர்கள் விவரம் கட்டுப்பாட்டு அறைக்கும் வார்டு உறுப்பினருக்கும் மட்டும் தெரிய வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. முதுவர் பழங்குடியினரின் ஊர்களான குடிகளைப் பொறுத்தவரை எங்களுக்கே பேசும் உரிமை இல்லை. இடமலைக்குடியிலும் மற்றக் குடிகளிலும் எதை வரைவது, எதை வரையாமல் விடுவது என்பதை அந்தந்தக் கூட்டத்தார்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வணங்கும் இடங்களும் தேன் எடுக்கும் பாறைகளும் சுற்றுலா வரைபடத்துக்கு உரியவை அல்ல.

ஆட்சேபம் சொல்லும் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. சர்வே எண்ணும் கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. லயத்துக்காரரிடம் சர்வே எண் ஏது, கரம் கட்டிய ரசீது ஏது? யாருடைய வீடு வரைபடத்தில் இல்லையோ, அவரே அதைச் சொல்ல முடியாதபடி படிவம் அமைந்திருக்கிறது. நேரில் போகலாம் என்றால் அலுவலக நேரமும் கொழுந்து நேரமும் ஒன்று. ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வர வேண்டும். வந்தாலும் தாள்களில் அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து இல்லை. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்துக் கேட்கிறோம்.

வரைவை இப்போது இறுதியாக்காதீர்கள். ஆட்சேபக் காலத்தை 90 நாளாக நீட்டுங்கள். படிவத்தில் சர்வே எண்ணையும் கரம் ரசீதையும் கட்டாயமில்லை என்று ஆக்குங்கள். டிவிஷன் பெயரும் லயத்தின் பெயரும் இருந்தால் போதும் என்று வையுங்கள். காகிதத்தில், தமிழில் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபத்தையும் ரசீது கொடுத்து வாங்குங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் திடலில் ஒரு கூட்டம் நடத்தி, தாளை விரித்துக் காட்டுங்கள்.

‘பெருந்தோட்டம்’ என்ற வகைக்குள் ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்று தனி அடுக்கு உருவாக்குங்கள். அதில் ஒவ்வொரு லயமும் வீட்டு எண்ணிக்கையோடு வரட்டும். மக்கள்தொகைக் கணக்கைக் கட்டடத்துக்கு இத்தனை என்று போடாமல் வீட்டுக்கு இத்தனை என்று மறுபடி போடுங்கள். டேட்டம் பிழையைத் திருத்தி, எந்தெந்தத் தாள் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பதையும் வெளியிடுங்கள். லயங்களுக்கு மேலேயுள்ள சரிவுகளுக்காவது நுண்ணிய உயர அளவை செய்யுங்கள். ட்ரோன் படம் தேயிலைச் செடியின் தலையைத்தான் அளக்கும், மர நிழலுக்கு அடியில் தரையை அளக்காது. இலைகளின் இடைவெளி வழியே லேசர் கதிரை அனுப்பித் தரையை அளக்கும் லைடார் கருவி வேண்டும். பனியும் மழையும் இல்லாத ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு ஏற்ற காலம். அதுவரை, 30 மீட்டர் மாதிரியை வைத்து ‘குறைந்த ஆபத்து’ என்று போட்ட இடங்களில் எல்லாம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘நேரில் பார்க்கவில்லை’ என்று அச்சிடுங்கள். உண்மை அதுதான்.

பெயர்களை மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனிப் புலங்களில் வையுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைப் பொறியால் உருவாக்காதீர்கள். தோட்ட நிர்வாகங்களிடம் மழைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள். களப்பணிக்கு ஒவ்வொரு டிவிஷனிலும் இருவரைத் தேர்ந்து, அவர்களுக்கு நாள் கூலி கொடுங்கள். சும்மா செய்யச் சொல்லாதீர்கள். திருத்திய தரவைத் திறந்த வடிவில் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள்.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இறங்கும். அதற்குள், அந்தந்த டிவிஷனின் தாளை மஸ்டர் கொட்டகைச் சுவரில், மழை படாத இடத்தில், ஏ1 அளவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு லயத்தின் பெயரும் தமிழில் இருக்கட்டும். இரவில் போக வேண்டிய இடமும் அங்கே போகும் வழியும் சிவப்புக் கோட்டில் இருக்கட்டும். கீழே, கூப்பிட வேண்டிய எண் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சிக்னல் இல்லாதபோது யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த மடலுக்குப் பதிலை 15 நாளுக்குள், தமிழில், எழுத்தாகத் தாருங்கள்.

இடுக்கி மலையில் நில அளவையும் வரைபடப் பணியும் செய்கிறவர்கள்